அவள் போட்ட சண்டைகள் அழிந்த கதை

மின்னூல் படிக்கும்போது என் மனைவி நூலாசிரியரோடு சண்டை போடுவாள். சமையல் நூலின் ஓரத்தில், 'இவரு அடுப்படிக்குள்ள போயிருக்காரா?' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தாள்.

அவள் இறந்த பிறகு அந்தக் குறிப்புகளுக்காகவே அவளுடைய டேப்லெட்டில் படித்தேன். அதன் பளபளப்புத் திரையில், புரை எடுத்த என் கண் கூசியது. காகிதம் போன்ற திரையுள்ள புதிய டேப்லெட் வாங்கி, நான்கு செயலிகளில் ஒரே பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டேன். எழுத்து நன்றாகத் தெரிந்த செயலிக்கு நூல்களை மாற்றினேன். ஓரத்தில் எழுதியது புத்தகத்தோடுதானே வரும் என்று நம்பி, பழையதைப் பேத்திக்குக் கொடுப்பதற்காக முழுவதும் அழித்தேன்.

புதியதில் நூல்கள் இருந்தன. குறிப்புகள் இல்லை.

"அம்மா எழுதினது புத்தகத்துல இல்லப்பா, அந்த ஆப்புக்குள்ள இருந்துச்சு. அழிக்கதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்று மகள் போனில் அழுதாள். பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் அண்ணாச்சியும், அழிந்ததை மீட்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

இப்போதெல்லாம் மகளிடம் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. நினைவிலிருக்கும் அவள் சண்டைகளை நோட்டில் எழுதுகிறேன். இதுவரை பதினொன்றுதான் தேறியிருக்கின்றன. புதிய திரையில் கண் கூசவில்லை. எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிறது, படிக்கத்தான் எதுவுமில்லை.