யாருடையதும் அல்லாத முகம்

நான் துறைமுகப் பக்கம் வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார், கவிதை எழுதுபவர். பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராதவர்களைப் பற்றி அவர் எழுதிய கவிதைக்குப் படம் வரையச் சொன்னார்.

“நீ வாயைத் திறக்கிறேல்லை, நான் மூடுறேல்லை. நல்ல சோடிதான்” என்று சிரித்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். படத்தில் உள்ளவனுக்கு யாருடைய சாயலும் இருக்கக்கூடாது. இருந்தால், பிடித்துச் சென்றவர்களே அந்த வீட்டுக்கு விசாரணைக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தார். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலத்தாலும் வெள்ளையாலும் பெரிய துணியில் ஓர் இளைஞனை வரைந்தேன். முகம் உடுப்புக் கடைப் பொம்மை போல இருந்தது. உயிருள்ள ஆளாகத் தெரியட்டும் என்று இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வைத்தேன்.

கவிதை வாசிக்கும் மண்டபத்தில் துணியைத் தொங்கவிட்ட அன்று கிளிவெட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். படத்தின் முன் நின்றவர் நகரவேயில்லை.

“இதை ஆர் கீறினது?”

கவிஞர் என்னைக் காட்டினார்.

“தம்பி, என்ர மகனை எங்க கண்டனீங்கள்?”

மகனுக்கும் அதே புருவத்தில் தழும்பாம். சின்ன வயதில் சைக்கிளால் விழுந்தது.

“ஆரையும் பாத்துக் கீறேல்லை அம்மா” என்றார் கவிஞர்.

“நீங்கள் கதையாதேங்கோ ஐயா. கண்டவர் சொல்லட்டும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காணவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்தார். “விளங்குது தம்பி. சொல்ல ஏலாத இடமாக்கும். சாப்பாடு ஒழுங்காக் குடுக்கினமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

அடுத்த கிழமை கவிஞர் என்னைக் கிளிவெட்டிக்குக் கூட்டிப்போனார். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார். வாசலில் நின்றே சொல்லிவிட்டேன்.

“நான் அவரைக் காணேல்லை அம்மா. தழும்பு நானா வைச்சது.”

அந்த அம்மா கவிஞரை ஒரு பார்வை பார்த்தார். “ஆக்கள் பக்கத்தில நிக்கினம், அதால அப்பிடிச் சொல்லுறீங்கள். பிறகு தனிய வாங்கோ.”

சைக்கிளில் தனியாகவும் போனேன். அதையேதான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய், மகனின் இரண்டு சாரமும் ஒரு சேட்டும் மடித்து வைத்த பையைக் கொண்டுவந்து என் சைக்கிளில் கொழுவினார்.

“அவனைக் காணேக்க குடுங்கோ.”

நான் வாங்கமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.