அம்மா மறுபடியும் டீ போட்டது

திருநெல்வேலி பஸ்ஸில் வருகிற டீச்சரைக் கூட்டிக்கொண்டு வரும்படி ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா என்னைச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. டீச்சருக்குக் கண் தெரியாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அதனால், கறுப்புக் கண்ணாடி போட்டு, யாருடைய கையையாவது பிடித்துத் தடுமாறி இறங்கும் ஒருத்திக்காக நான் காத்திருந்தேன். பஸ் வந்தது. பச்சைச் சேலைக்காரி ஒருத்தி கண்டக்டரிடம் சிரித்துப் பேசியபடி இறங்கினாள். அவளை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸையும் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்துவிட்டு அழுகையோடு வீட்டுக்குத் திரும்பினால், பச்சைச் சேலைக்காரி எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு வெள்ளைக் கம்பு மடித்தபடி இருந்தது.

“ஆட்டோக்காரர்ட்ட தெருப் பேரைச் சொன்னேன். உங்கப்பா போன்ல சொன்ன தறிச் சத்தம் கேட்டதும் இறங்கிக்கிட்டேன்,” என்றார் டீச்சர். “உன்னையத்தான் காணும்னு உங்கப்பா தேடிப் போயிருக்காரு.”

அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, நரம்பு கெட்டு, பார்வை முழுதாகப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இனித் திரும்பாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பார்வையில்லாதவர்களுக்காகத் திருநெல்வேலியில் ஒரு தொண்டு நிறுவனம் இருப்பதாகவும், அவர்கள் வீட்டுக்கே வந்து பழக்குவார்கள் என்றும் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர் போன் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டைப் பல மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் அப்பா கூப்பிட்டார். அப்படி வந்தவர்தான் டீச்சர்.

அதற்குள் திருவேங்கடத்திலிருந்து அத்தை வந்து எங்கள் வீட்டை ஏற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. மாமா இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. சமையல், துணி துவைப்பது, எனக்குச் சடை போடுவது எல்லாம் அவள்தான். அம்மா எழுந்தாலே, “நீ இரு, நான் இருக்கேம்லா,” என்பாள். அம்மாவும் இருந்தாள், பொழுது முழுக்கக் கட்டிலிலேயே. இவ்வளவு தாங்குகிற வீட்டில் அவள் ஏன் பேச்சைக் குறைத்துக்கொண்டே போகிறாள் என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இங்க டீ யாரு போடுதா?” என்று கேட்டார்.

“நான்தான்,” என்றாள் அத்தை.

“இன்னைக்கு அவங்க போடட்டும்.”

“கையைச் சுட்டுக்கிட்டா யாரு பொறுப்பு?”

“உங்க கையில சுட்டதே இல்லையாக்கா?”

அத்தையின் கையில் முழங்கை வரைக்கும் பழைய தழும்புகள் உண்டு. அவள் வழியை விட்டு நகர்ந்துகொண்டாள்.

கேஸ் அடுப்பின் குமிழை எதுவரை திருப்ப வேண்டும் என்று விரலுக்குத் தெரிய, டீச்சர் அங்கே ஒரு சொட்டுப் பசையை உறைய வைத்தார். சீனி டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, டீத்தூள் டப்பாவுக்கு இரண்டு. பால் சூடேறியதும், “இப்ப சத்தம் மாறுது பாருங்க,” என்றார். “ஆமா, பாத்தேன்,” என்றாள் அம்மா. கண் தெரியாத இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொண்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. தம்ளரின் விளிம்புக்குள் விரல்நுனியை வைத்துக்கொண்டு அம்மா டீயை ஊற்றினாள். சுட்டுவிட்டது. அத்தை பதறி ஓடினாள். காலடிச் சத்தத்தை வைத்தே டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அம்மா விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அடுத்த தம்ளரை எடுத்து ஊற்றினாள். டீயில் சீனி ரொம்பக் கூடுதல். என்னைத் தேடிவிட்டுத் திரும்பியிருந்த அப்பா இரண்டு தம்ளர் குடித்தார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் டீச்சர் வந்தார். வெள்ளைக் கம்போடு அம்மா முதலில் தெருமுனை வரை போனாள், பிறகு காய்கறிக் கடை வரை. போனில் வரும் செய்தியை போனே வாசித்துச் சொல்ல வைக்கவும் பழகிக்கொண்டாள். எனக்குச் சடை போடுவதும் அவள் கைக்கு வந்தது. வகிடு அத்தை எடுத்ததைவிட நேராக இருந்தது. அதை நானே அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

ஒருநாள் காலையில் அத்தை துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். “இனி எனக்கு இங்கன என்ன சோலி? நான் ஊருக்குப் போறேன்,” என்றாள்.

அம்மா குரல் வந்த பக்கம் திரும்பினாள். “எல்லாம் வந்துட்டு மதினி. ரசம் மட்டும் எனக்குக் கூடி வரமாட்டேங்கு. நீங்க போயிட்டா உங்க தம்பி சாப்பிட மாட்டாரு,” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நேத்து அத்தை கோயிலுக்குப் போயிருந்தப்ப நீதானம்மா ரசம் வச்ச? அப்பா நல்லாருக்குன்னு சொன்னாருல்லா?”

அம்மாவின் கை நீண்டு வந்து, குறி தவறாமல் என் தொடையைக் கிள்ளியது. அத்தை என்னைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, “புளி எங்கன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனாள்.

உள்ளதைச் சொன்னதற்கு எதற்குக் கிள்ளு வாங்கினேன் என்று தெரியாமல், அன்று சாயங்காலம் வரை நான் அம்மாவோடு பேசவே இல்லை.