தராசை இரவல் கொடுத்தவன்

என் மகள் சரவணம்பட்டியில் ஏ.சி. பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறாள். பழைய ஏ.சி.யில் இருக்கும் வாயுவைக் காற்றில் விடாமல், ரெக்கவரி மெஷினால் உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்க வேண்டும். சிலிண்டரைத் தராசின் மேல் வைத்துத்தான் நிரப்புவாள். எண்பது சதவீதத்தோடு நிறுத்திவிட வேண்டும். அழுத்தத்தில் திரவமாகிவிட்ட வாயு வெயிலில் விரிந்தால் அதற்கு இடம் வேண்டுமாம். இதை அவள் சொன்னபோது பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டேன். இருபது வருடம் இயற்பியல் பாடம் எடுத்தவனுக்கே வெப்பத்தால் பொருள் விரியும் என்று சொல்கிறாளே!

சித்திரையில் காங்கேயத்திலிருந்து மைத்துனர் வந்தார். அவர் வீட்டில் தேங்காய்ப் பருப்பை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க மச்சான், பாப்பாவோட தராசு ஒரு நாளைக்குக் கெடைக்குமுங்களா?"

மனைவியின் தம்பி கேட்டு இல்லையென்று சொல்லும் மனிதன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. மகளைக் கேட்காமலே தராசைத் தூக்கி அவர் காரில் வைத்தேன்.

மூன்றாம் நாள் மகள் போன் செய்தாள். "அப்பா, தராசு எப்பங்க வரும்? ஒரு ஆஸ்பத்திரி ஏ.சி. வேலை, நிறுத்த முடியாதுங்க."

"சாயங்காலம் வந்துரும் கண்ணு. அதுவரைக்கும் கையில தூக்கிப் பார்த்தா எடை தெரியாதாக்கும்?"

"அது தேங்காய்ங்களாப்பா?"

சிரித்தேன். நல்ல பதில்தான். ஆனால் வேலை நின்றுவிடுமே என்று அவளும் கையில் தூக்கிப் பார்த்தே நிரப்பிவிட்டாள். நண்பகல் வெயிலில் வண்டியில் இருந்த சிலிண்டரை இறக்கப் போனபோது பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. அது திறந்ததால்தான் சிலிண்டர் வெடிக்கவில்லை. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கையுறையைக் கழற்றியிருந்தாள். வெளியே சீறியதுமே ஆவியாகிக் கடுங்குளிராகும் அந்தத் திரவம் பட்டு வலது கையில் இரண்டு விரல்கள் உறைந்து மெழுகு போல வெளுத்துவிட்டன.

உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது மைத்துனர் அழைத்தார். "பங்கு ஒரு கிராம் பிசகலீங்க மச்சான்!" என்ன அருமையான செய்தி.

மகள் என்னைத் திட்டவேயில்லை. "தராசு இல்லீன்னா வேலையை நிறுத்தியிருக்கோணும். நிறுத்தாதது நாந்தானுங்கப்பா" என்றாள். திட்டியிருந்தால் அன்றிரவு கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

மூன்று வாரம் அவளுக்கு நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். நேற்றுக் காலை காபி டம்ளரை எடுத்தவள் சட்டென்று கையை உதறினாள்.

"சுடுதுங்கப்பா!"

மகளுக்குக் கை சுட்டதற்காகக் கையெடுத்துக் கும்பிட்ட தகப்பன் கோயமுத்தூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.