வாசலுக்கு அளந்த பலகை

தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீடு காலியானால் அதற்கு ஒரு நடைமுறை உண்டு. காலையில் சாமான்கள் லோரியில் ஏறும். மத்தியானத்துக்குள் தோட்டத்து ஆசாரி வந்து, வாசலுக்குக் குறுக்கே பலகைகளை வைத்து ஆணி அடித்துவிடுவார். யாரும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே குடியேறிவிடக் கூடாது. முப்பது வருடத்துக்கு மேல் கல்வி இலாகாவின் சுற்றறிக்கைகளோடு குடும்பம் நடத்தியவள் நான். அவற்றில் ஒன்றுகூட அந்த ஆசாரியின் சுத்தத்தோடு நிறைவேற்றப்பட்டதாக நினைவில்லை.

வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்கிறவர் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், இருக்கும்வரை குடும்பம் இருக்கலாம். அந்தப் பெயர் போனால் அதே வீட்டிலிருந்து இன்னொருவர் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் ஒரு மாதத் தவணை. எங்கள் வீட்டிலிருந்து அப்பாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அம்மா கொழுந்து எடுக்கும்போது சரிவில் விழுந்து இடுப்பு பிசகியதிலிருந்து வேலைக்குப் போகவில்லை. நான் ஒரே பிள்ளை. பட்டம் வாங்கி இடைநிலைப் பள்ளி ஆசிரியை ஆவது என்று முடிவாகியிருந்தது. அதாவது, அந்த வீட்டைக் காப்பாற்றப் பெயர் கொடுக்கக்கூடிய ஒரே ஆள், கொடுக்க முடியாத ஆளாக மாறுவதற்காகப் படித்துக்கொண்டிருந்தேன். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆசாரி மட்டும் சொன்னார்.

எழுபதுகளின் கடைசி. கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு நான் பெட்டி கட்டிய காலையில், அவர் எங்கள் வாசலில் நின்று அளவு நாடாவை நிலையின் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, கதவு நல்லாத்தானே இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"கதவு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஒன் மவ யுனிவர்சிட்டிக்குப் போவுதே. இப்பவே அளந்து வச்சிக்கிட்டா பின்னாடி வேல மிச்சம் லா."

"எங்க வூட்டுல இன்னும் ஆள் இருக்கு" என்றார் அப்பா.

"ஒரு ஆளுதானே மச்சான்" என்றார் ஆசாரி. காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக் கையிலிருந்த பலகைத் துண்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்பா சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார். அவருடைய மகள் அப்போது இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம். என் பழைய புத்தகங்களையெல்லாம் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைதான் என் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தது.

பட்டம் வாங்கும் முறையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பி.ஏ. மூன்று வருடம். அதை வைத்துக்கொண்டு இடைநிலைப் பள்ளி வாசலில்கூட நிற்க முடியாது. அதற்குமேல் கல்வி டிப்ளோமா ஒரு வருடம். அதற்குள் பயிற்றுப்பணி என்று ஒன்று. ஏதாவதொரு பள்ளியில் போய்ப் பாடம் நடத்த வேண்டும், விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். எல்லாம் தேறியபின் இலாகா எங்காவது அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். வேலை உத்தரவு கையில் வந்தபிறகுதான் குவார்ட்டர்ஸ், வாடகை வீடு என்ற பேச்செல்லாம். அதுவரை அப்பா தினமும் விடியற்காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும்போது, வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் திட்டம் மொத்தமும் அவ்வளவுதான்.

இரண்டாம் வருட விடுமுறையில் வந்தபோது, பக்கத்து டவுனான ரிங்லெட் பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்காகக் காத்திருந்தார். நான் நேரெதிரே போய் நின்றேன். அவர் என் தோளுக்கு மேலாக பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா" என்றதும் திரும்பினார்.

"வந்துட்டியா பாப்பா. இன்னிக்கிப் பனி ஜாஸ்தி, ஒன்னுமே தெரியல."

அன்றைக்கு நல்ல வெயில். எதிர்மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களின் தலைத்துணி நிறங்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

வீட்டில் அம்மா தேநீரை அவர் கையிலேயே கொடுத்தாள். முன்பெல்லாம் தரையில் வைப்பாள். செருப்பு எப்போதும் ஒரே இடத்தில் கிடந்தது. நாற்காலியை நான் சற்றுத் தள்ளிப் போட்டதற்கு அம்மா எழுந்துவந்து மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்தினாள்.

"எத்தன நாளா இப்பிடி?" என்று அடுப்படியில் கேட்டேன்.

"எப்பிடி?" என்றாள். பிறகு, "ஒன்னும் கேக்காத. படிச்சி முடி" என்றாள்.

கண்ணில் பூ விழுந்திருந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் அறுவை செய்யலாம். ஆனால் அதற்கும் ஒரு வழி இருந்தது: முதலில் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் பார்ப்பார், டிரசர் பார்த்தால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குத் தெரியும், கிராணிக்குத் தெரிந்தால் துரைக்குத் தெரியும். அப்பா செய்தது கவாத்து வேலை. வயதான செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. கத்தி மூங்கிலையே ஒரே வீச்சில் துண்டாக்கும். கண் தெரியாதவன் கையில் அந்தக் கத்தியை எந்தத் துரை கொடுப்பான்? ஆகவே அறுவை என் டிப்ளோமாவுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியர்கள் யாருக்கும் என் படிப்புக்கு இப்படி ஒரு காலக்கெடு இருப்பது தெரியாது.

அப்பா செடியைக் கையால் தடவித்தான் வெட்டினார். இடது கை கிளையைப் பிடிக்கும், வலது கை வீசும். பெரட்டிலிருந்து இறங்கும்போது முன்னால் போகிறவரின் செருப்புச் சத்தத்தை வைத்து நடந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முதலில் அவருடைய இடது கையைத்தான் பார்ப்பாள். விரல்களைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் கொண்டுவருவாள்.

கங்காணிக்குத் தெரியுமா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் அப்பாவுக்கு மச்சான் முறை. கொஞ்ச நாளாக அப்பாவுக்கு ஓரத்து வரிசையை, தடுமாறினால் பிடித்துக்கொள்ள மண்மேடு இருக்கிற பக்கத்தை, கொடுத்துவந்தார். அதற்குக் காரணமும் சொல்லவில்லை.

பி.ஏ. வந்தது. தோட்டத்தில் கேக் வெட்டினார்கள். கிராணி என்னைக் கூப்பிட்டு வாழ்த்திவிட்டு, "அப்பாவுக்கு வயசாவுது, பேருக்கு யாரும்மா?" என்று கேட்டார். ஆசாரி, "ஒரு வருஷம் பாக்கி இருக்கில்ல டீச்சரம்மா? பலக நல்லாக் காயட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இரண்டு வாசல்களைப் பலகை போட்டு மூடியாகிவிட்டது.

டிப்ளோமாவின் கடைசிக் கட்டமான பயிற்றுப்பணிக்கு நடுவே பள்ளி விடுமுறை வந்தது. ஊருக்கு வந்த அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்தது. பஸ் வளைவில் திரும்பியதும் கவாத்து முடிந்த மலை தெரிந்தது. கவாத்து செய்த மலை மொட்டை அடித்த தலை மாதிரி. அதில் எதையும் ஒளிக்க முடியாது. வெட்டிய தண்டுகள் சரிவோடு சரிவாக ஒரே மட்டத்தில் இறங்கி வந்தன. ஓரத்தில், மண்மேட்டை ஒட்டி, ஒரு வரிசை மட்டும் வேறு மாதிரி இருந்தது. சில செடிகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. சில தரையோடு வெட்டப்பட்டிருந்தன. சிலவற்றின் தண்டு பிளந்து வெள்ளையாகத் தொங்கியது. பஸ்ஸில் என்னைத் தவிர யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. துரை வரும் திங்கட்கிழமை மலையைச் சுற்றிப் பார்ப்பார் என்று அம்மா சொன்னாள். அதுவும் நடைமுறை.

சாயங்காலம் கங்காணி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மச்சான், ஓரத்து வரிசையப் பத்தி நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். ஆளப் போட்டுத் திருப்பி வெட்டலாம். நெட்டச் செடியக் குட்டையாக்கலாம். குட்டைய எப்பிடி நெட்டையாக்குறது?"

"பனி மாமா" என்றேன் நான். எதற்குச் சொன்னேனோ.

"பனிதான்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "பாப்பா, திங்கக்கெழம பெரட்டுக்கு நீ வந்து பேரு கொடுத்துட்டா, தொர வரிசையப் பாத்தாலும் வூடு நிக்கும். ஒரு ஆறு மாசம் கூடையத் தூக்கு. அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்குச் சட்டம் தெரியும். பயிற்றுப்பணியைப் பாதியில் விட்டால் டிப்ளோமா கிடையாது. அடுத்த வருடம் இடம் கேட்டு மறுபடி மனுப் போட வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதை நான் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா குறுக்கிட்டார்.

"அவ பேருக்குப் பின்னால பி.ஏ. போட்டாச்சு மச்சான். கூடைய எங்க மாட்டுறது?"

கங்காணி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கங்காணி நின்றிருந்த இடத்துக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம பஸ்ஸுல அவ போவட்டும்" என்றார்.

நான் போனேன். அந்த வாரம் விரிவுரையாளர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். பாடத்தின் தொடக்கம் நன்று, முடிவு திடீரென்று வருகிறது என்று எழுதினார்.

திங்கட்கிழமை துரை மலையைப் பார்த்தார். "இது யார் வரிசை?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். கங்காணி சொல்வதற்கு முன்னால் அப்பாவே, தப்பான திசையைப் பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கினாராம். செக்ரோலில் பெயரை அடித்துவிட்டு ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள். எல்லாம் சட்டப்படிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

தவணை முடிகிற நாளில் எனக்கு டிப்ளோமா கிடைத்திருந்தது. வேலை உத்தரவு கிடைத்திருக்கவில்லை. அது பிறகு கிழக்குக் கரையில் ஒரு மீனவ ஊருக்கு வந்தது. அங்கே அம்மாவுக்குக் கடைசிவரை வெக்கை பழகவில்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ரிங்லெட்டில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகைக்குப் பிடித்த அறை மட்டும்தான். லோரியில் கட்டில் ஏறியது, பாத்திரங்கள் ஏறின. அம்மா அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். சாம்பல் சீறி அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஆசாரி தயாராக நின்றார். பலகைகளைத் தன் வீட்டுக் கூரைக்கடியிலிருந்து எடுத்து வந்திருந்தார். காய்ந்து, இலேசாகப் புகையேறி, கறுத்திருந்தன. முதல் பலகையைத் தூக்கி நிலையில் வைத்தார். இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்தியது. ரம்பத்தைப் பையிலிருந்து அவர் வெளியே எடுக்கவேயில்லை.

அப்பா கையை நீட்டிப் பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், செடியைத் தடவுவது போல.

"கச்சிதமா இருக்கே" என்றார். "எப்ப அளந்த?"

"மறந்துட்டியா மச்சான். நீயுந்தானே சிரிச்ச."

ஆணி இறங்கும் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ஆறாம் படிவ முடிவுக்குக் காத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்று தலைமையாசிரியரே சொல்லியிருந்தாராம். என்னைப் பார்த்துக் கையசைத்தது. நானும் அசைத்தேன்.

கடைசி ஆணியை அடித்து முடித்ததும் ஆசாரி சுத்தியலைப் பையில் போட்டார். இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசல் பக்கம் நடந்தார்.