நாற்பத்தெட்டு டிகிரி

எங்கள் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டருக்கென்று இருக்கும் ஒரே ஆள் நான். ஆபீஸ் மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஏ.சி., நான்கு திரைகள், அவற்றுக்கு முன்னால் நான். வம்பு பேசக்கூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நெட் ஓடும்வரை என்னை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றுபோனால் மட்டும் எல்லோருக்கும் நான் வேண்டும். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள். அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. கம்பெனிக்குப் பக்கத்திலேயே, ராயபுரத்தில் ஒற்றை அறை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரிடம் சொன்ன "அரை லிட்டர்" தவிர வேறெதுவும் பேசாமலே பொழுது சாய்ந்திருக்கிறது.

மாசியில் முதலாளி புதிதாக ஒரு கண்காணிப்பு மென்பொருள் வாங்கித் தந்தார். ஐந்து யூனிட்டுகளிலும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றின் நிலவரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கி அந்த மென்பொருளுக்கு அனுப்ப ஒரு பிளக்-இன். ஒவ்வொரு பெட்டியின் முகவரி, ரகசியச் சொல், என்னென்ன கேட்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் என் போனில் மணி அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுத வேண்டியது என் வேலை. எழுத்து ஓரிடம் தள்ளிப்போனாலும் அது மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். நான்கு நாள் மல்லுக்கட்டினேன். வெப்பத்துக்கு அறுபத்தைந்து டிகிரி என்று வைத்தேன். அதுவரை பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

முதல் மணி, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் யூனிட்டிலிருந்து அடித்தது, மதியம் ஒரு மணிக்கு. தெருவுக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட கட்டடம். போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் இருக்கும் குட்டி விசிறியைப் பஞ்சுத் தூசி அடைத்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்துவிட்டு நிமிர்ந்தேன். துணியில் பிசிறு வெட்டும் பெண்கள் தரையில் அட்டை விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சேவூரிலிருந்து கம்பெனி வேனில் வரும் அக்கா ஒருவர் கூப்பிட்டார்.

"வாங்க மேடம், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. அரிசிம்பருப்புச் சோறுதானுங்க."

ஆபீஸ்காரர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இல்லை. யாரும் தடுத்ததில்லை, யாரும் செய்ததுமில்லை, அவ்வளவுதான். நான் உட்கார்ந்தேன். என் தெற்கத்திப் பேச்சை ஓட்டினார்கள். அவர்களுடைய 'ங்க'வை நான் திருப்பி ஓட்டினேன். அப்படி வயிறு வலிக்கச் சிரித்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

மறுநாள் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. செக்கிங் பெட்டி மதியத்தில் ஐம்பது டிகிரிக்கு வந்து சமர்த்தாக நின்றுகொண்டது. ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலை கோப்பைத் திறந்து, அந்தப் பெட்டிக்கு மட்டும் அறுபத்தைந்தை அழித்துவிட்டு நாற்பத்தெட்டு என்று அடித்தேன். திருட்டு வேலைதான். கூசாமல் செய்தேன்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக மணி அடித்தது. ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், ஒரு கையில் டிபன் பாக்ஸ். பெட்டி சூடாகி மணி அடித்தது என்று அவர்களிடம் சொல்லி, அதைத் திறந்து, இல்லாத தூசியை நாலு ஊது ஊதிவிட்டு அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். காரணமில்லாமலே போயிருக்கலாமே என்றால், போயிருக்கலாம். துணிச்சல் வரவில்லை. "சும்மாதான் வந்தேன்" என்று சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எனக்கு அது விட்டுப்போயிருந்தது.

கத்திரி வெயிலில் ஒருநாள் ஒரு மணி தாண்டியும் போன் சத்தமே இல்லை. திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. வெளியே ரோடு கொதிக்கிறது, பெட்டி மட்டும் குளிருமா? பிளக்-இன் உளறுகிறது என்று நினைத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அத்தனை நாளில் உண்மையான கவலையோடு போனது அன்றைக்குத்தான்.

அவர்கள் சாப்பிடும் இடத்தில் ஒரே ஒரு ஸ்டாண்ட் ஃபேன் உண்டு. அதைப் பெட்டிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். தலை திரும்பாதபடி பனியன் துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. முழுக் காற்றும் பெட்டிக்கு. இவர்கள் ஜாக்கெட்டெல்லாம் நனைந்து, அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க மேடம், இன்னைக்கு மணி அடிக்கலீங்கல்ல?" என்றார் சேவூர் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. "தெனமும் சோத்து நேரத்துல இந்தப் பொட்டி உங்கள இந்த வெயில்ல ஓட வெக்குதேன்னு பாவமா இருந்துச்சுங்க. நாங்க அட்டைல விசிறிக்குவோம். அதுக்குத்தான் கையில்லீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. முடிச்சை அவிழ்த்து ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பினேன். அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, நாற்பத்தெட்டை அழித்து அறுபத்தைந்து என்று அடித்தேன்.

"சரி பண்ணிட்டேன்க்கா. இனிமே இதுக்குக் காத்து வேண்டாம். மணியும் அடிக்காது."

அக்கா எச்சில் கையை மடக்கிக்கொண்டு, புறங்கையால் என் தோளைத் தொட்டார். மேடத்தை விட்டுவிட்டு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணு என்றார்.

"அப்பாடா! நாளையில இருந்து உனக்கு இந்த அலைச்சல் இல்ல. ஏ.சி.ல நிம்மதியா உக்காந்து சாப்புடு கண்ணு."

"சரிங்கக்கா" என்றேன்.