என் அக்காவின் பிறந்த வீடு

நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். பள்ளிப் படிப்போடு நின்றவன். அக்காவைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் அவர்களுடைய திருச்சபையிலேயே பலர் இருக்க, நான் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாராவது முந்தி எழுதிவிடுவார்களோ என்ற எண்ணமும் ஒரு காரணம்.

அக்கா நெடுங்காட்டில் பிறந்தார்கள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தவர்கள் அவர்களே. காரைக்காலில் படிக்கும்போது வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானார்கள். அப்பா வெகுகாலம் பேசவில்லை. கல்யாணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் கோட்டுச்சேரிமேட்டுக்குப் பால்வாடி டீச்சராகப் போனார்கள். கடைசிவரை அந்த மீனவர் ஊரிலேயே ஓர் அறையில் குடியிருந்தார்கள்.

யாரையும் மதம் மாறச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். கட்டிலருகே முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். "இதுதான்டா என் ஊழியம்" என்பார்கள்.

ஒருமுறை புது அரிசி கொண்டுபோனேன். வாசலில் மீன் விற்கும் செல்லம்மா உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க?"

"அக்காவோட தம்பி."

"இங்க எல்லாருமே அக்காவுக்குத் தம்பிங்கதான். நீங்க எந்தத் தெரு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா வந்ததும் அரிசியில் பாதியை அளந்து செல்லம்மாவிடம் கொடுத்தார்கள்.

"ஒனக்குன்னு கொண்டாந்தேன்க்கா."

"ஏம்ப்பா, வயித்தெரிச்சலா?" என்று அக்கா சிரித்தார்கள்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் அக்காவுக்குச் சளி கட்டி மூச்சுத்திணறல் வந்தது. ஆஸ்பத்திரியில் அவ்வூர்ப் பெண்கள் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நான் போனபோதெல்லாம் கட்டிலருகே இடமில்லை.

இறந்த செய்தி கேட்டதும் காரைக்காலில் இறங்கிக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு போனேன். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போர்த்துவது உடன்பிறந்தவன் உரிமை. அதாவது எனக்கு மட்டும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அக்கா மேல் புதுச்சேலை கிடந்தது.

"கோடி போட்டாச்சே, தம்பி" என்றார் செல்லம்மா.

"யாரு போட்டது?"

"நாங்கதான்."

"கோடி பொறந்த வீட்டுலேந்துதானே வரணும்? நான் உசுரோடதானே இருக்கேன்?"

அத்தனை பேர் முன்னால் நான் அப்படிக் கத்தியதில்லை.

"கோவிச்சுக்காதீங்க. எங்க ஆத்தா செத்தப்ப கோடி போட நாதியில்ல. அக்காதான் சேல எடுத்தாந்து, 'நான்தான் இவங்க பொறந்த வீடு'ன்னு போத்துனாங்க. இந்த ஊருல எத்தன பேருக்கு அப்படிச் செஞ்சாங்க தெரியுமா? அந்த மொறைக்குத்தான் நாங்க போட்டோம்."

இதை அக்கா என்னிடம் சொன்னதில்லை.

"அப்ப நான் கொண்டாந்தது?"

"மேல போத்துங்க."

போர்த்தினேன். அடியிலிருந்த சேலையின் கரைகூடத் தெரியாதபடி இழுத்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மா, ஒரு மூலையைத் தானே பிடித்துக் கொடுத்தார்.

ஜெபித்து அடக்கம் செய்த சபையாருக்கும், மழையில் வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோட்டுச்சேரிமேட்டாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள் என் மனைவி. சொல்கிறேன்.

அடக்கத்துக்கு மறுநாள் செல்லம்மாவும் ஆறேழு பெண்களும் பஸ் ஏறி நெடுங்காட்டுக்கு வந்து, எங்கள் வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.