பச்சையாய் நின்ற சைப்ரஸ்

வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தின் செடிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவள் மங்களம். தினமும் ஆனேக்கல்லிலிருந்து பஸ் மாறி வருவாள். அங்கே வரவேற்புக் கூடத்தில், தொட்டிக்கு ஒன்றாக இரண்டு மரங்கள்: அரக்கேரியா, கோல்டன் சைப்ரஸ். இரண்டுமே பிறந்த மண்ணில் அருகிவருபவை, ஒன்றுக்குப் பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு, மற்றதற்குக் கலிபோர்னியக் கடலோரத்தில் இரண்டே தோப்பு என்று அங்கே வேலை செய்யும் லாவண்யா அட்டை எழுதி மாட்டியிருந்தாள். சொந்த ஊரில் பிழைப்பில்லாதவர்களுக்கெல்லாம் பெங்களூர்தான் போலிருக்கிறது என்று மங்களம் நினைத்துக்கொண்டாள். அவளும் திருப்பத்தூரை விட்டு வந்தவள்தானே.

குணத்தில் இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். அரக்கேரியா கொஞ்சம் வாடினாலும் கீழ்க்கிளையைத் தொங்கப்போட்டு ஊரைக் கூட்டிவிடும். சைப்ரஸோ வாயே திறக்காது. வேர் காய்ந்து செத்த பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். அதனால் மங்களம் தினமும் அதன் நுனியைக் கசக்கி முகர்ந்து பார்ப்பாள். எலுமிச்சை வாசம் வந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

வீட்டிலும் ஓர் அரக்கேரியா உண்டு. கேப் ஓட்டும் புருஷன் அர்ஜுனன். அவனுக்கு முதுகு பிடித்தால் தெருவுக்கே தெரியும். மங்களத்துக்கோ மூன்று மாதமாக வலது முழங்காலில் வலி. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் ஓய்வெடு என்பார், வேலை போய்விடும், மரங்களை வேறு யாரோ பார்ப்பார்கள் என்று பயம்.

பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாள். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. அரக்கேரியா நான்கு கிளைகளை உதிர்த்திருந்தது. சைப்ரஸ் பளிச்சென்று நின்றது. நுனியைக் கசக்கினாள், வாசமே இல்லை, தூளாகத்தான் உதிர்ந்தது. நிர்வாகி சேஷகிரி அரக்கேரியாவைத் தூக்கிப் போடச் சொன்னார். செத்தது அது இல்லை, மற்றது என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூக்கிப் போடுவதை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அர்ஜுனனுக்குப் போன் செய்தாள்.

கேப்பின் பின்சீட்டில் மரத்தை அணைத்துக்கொண்டு, சைப்ரஸுக்காக வழியெல்லாம் அழுதாள். "ஒரு வார்த்த சொல்லாமயே போயிடுச்சுங்க. சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பேன்" என்றாள். அர்ஜுனன் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

வீட்டுப் படியில் அவன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினான். பின்னால் அவள் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருவதைத் திரும்பிப் பார்த்தான்.

"கால் வலிக்குதா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அந்த சைப்ரஸும் இப்படித்தான் நின்னுச்சு, மங்களம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை விலக்கிக் காட்டினாள். வீங்கியிருந்தது.

"மூணு மாசமா, இங்க" என்றாள்.

அர்ஜுனன் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, அந்த முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.